இரண்டு மொழிகளில் ஒரே எண்

"இதை மாற்றினால் அந்தக் கோப்பிலும் மாற்றிவிடவும்." இத்தனை வருடங்களில் நான் படித்த நிரல்களில் இந்த வரியைப் போல அடிக்கடி கண்ணில் பட்ட குறிப்பு வேறில்லை. சி-யில் பார்த்திருக்கிறேன், பெர்லில் பார்த்திருக்கிறேன், ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இன்றைக்கும் பார்க்கிறேன். சர்வர் ஒரு மொழியில், திரை இன்னொரு மொழியில், போனில் ஓடும் ஆப் மூன்றாவது மொழியில் என்று எழுதப்படும் எந்த மென்பொருளிலும் சில எண்கள் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆர்டர் வந்தது என்றால் 1, உறுதியானது 2, அனுப்பியது 3, போய்ச் சேர்ந்தது 4, ரத்தானது 5. பெயருக்கு இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது, படத்துக்கு இத்தனை எம்பிக்கு மேல் கூடாது. நிரலாளர்கள் கான்ஸ்டன்ட் என்று சொல்லும் இந்த மாறிலிகளை ஒரு மொழியின் கோப்பிலிருந்து இன்னொரு மொழியின் கம்பைலர் நேரடியாக எடுத்துக்கொள்ளாது. அதனால் கையால் ஒரு நகல். நகலெடுத்தவர் பொறுப்பானவர்தான், மேலே அந்தக் குறிப்பையும் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். ஆனால் அது எத்தனை நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து வருகிறவர் குறிப்பைப் படிப்பார். மற்ற கோப்பு அதே இடத்தில் அதே பெயரில் இருக்கும். அதை மாற்றும் உரிமை அவருக்கு இருக்கும். இரண்டு மாற்றமும் ஒரே நாளில் வெளியே போகும். இவற்றில் ஒன்று பொய்த்தால் போதும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, மூலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. ஒரே கோப்பில் எண்களை எழுதிவைத்து, அதிலிருந்து ஒவ்வொரு மொழிக்குமான கோப்பை ஒரு கருவி தானாக உண்டாக்கட்டும்; கையால் நகலெடுப்பதே வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது, பல இடங்களில் வேலையும் செய்கிறது. ஆனால் அது வேலை செய்வதற்கான காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பது என் கட்சி. இரண்டு பக்க எண்களும் வருடக்கணக்கில் ஒத்துப்போன நிரல்களையும், பிசகிப்போன நிரல்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், கையால் எழுதியதா கருவி எழுதியதா என்பது அவற்றைப் பிரிக்கும் கோடாகத் தெரியவில்லை. எண்கள் வேறுபட்ட அன்றைக்கே ஏதாவது ஒன்று உடைந்து சத்தம் போட்டதா என்பதுதான் கோடு. கடைக்காரர்களின் எடைக்கற்கள் எல்லாம் ஒரே பட்டறையில் வார்த்தவை அல்ல. முத்திரை ஆய்வாளர் வந்து தன் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குத்திய முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

பெர்ல் கோலோச்சிய தொண்ணூறுகளிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்து நிரல்களைப் பிற்பாடு பராமரித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. நெட்வொர்க்கில் பேச வேண்டுமானால் பெர்ல், அடியில் இருக்கும் சி நூலகத்தின் சாக்கெட் அழைப்பைத்தான் கூப்பிடும். எந்த முகவரிக் குடும்பம், எந்த வகை சாக்கெட் என்று அதற்கு எண்களாகச் சொல்ல வேண்டும். சி-யில் எழுதுகிறவர் ஹெடர் கோப்பைச் சேர்த்துக்கொண்டு பெயரை எழுதினால் முடிந்தது. பெர்லில் எழுதியவர்கள் பலர் அந்த ஹெடரைத் திறந்து பார்த்து, ஏஎஃப்_ஐநெட் என்றால் 2, சாக்_ஸ்ட்ரீம் என்றால் 1 என்று நிரலின் தலையில் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பழைய சன்ஓஎஸ்ஸில் அது ஓடியது. சோலாரிஸ் 2 வந்தபோது சாக்_ஸ்ட்ரீம் 2 ஆனது, டேட்டாகிராம் 1 ஆனது. இரண்டும் இடம் மாறிக்கொண்டன. சி நிரல்களை மறுபடி கம்பைல் செய்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பெர்ல் நிரல் மட்டும் ஸ்ட்ரீம் என்று நினைத்து டேட்டாகிராம் கேட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸுக்குள்ளேயே இந்தக் கூத்து உண்டு: இன்டெல் சிப்பில் ஸ்ட்ரீம் 1, மிப்ஸ் சிப்பில் 2. இதில் விஷமம் எங்கே என்றால், ஏஎஃப்_ஐநெட் மட்டும் எங்கே போனாலும் 2-ஆகவே இருந்தது. ஒரு எண் எல்லா இடத்திலும் பொருந்தியதால் பக்கத்து எண்ணும் பொருந்தும் என்ற தைரியம் வந்தது. பிறகு ஐபி 6-ஆம் பதிப்பு வந்தபோது அந்தத் தைரியத்துக்கும் வழியில்லாமல் போனது. அதே வரிசையில் வரும் ஏஎஃப்_ஐநெட்6 லினக்ஸில் 10, விண்டோஸில் 23, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்கில் 30. பெர்லின் கையேடே, நிரலில் ஏஎஃப்_ஐநெட்டுக்கு நேராக 2 என்று எழுதியிருந்தால் பெரிய தொல்லை காத்திருக்கிறது என்று எச்சரிக்கும் நிலை வந்தது.

இதைவிடக் கொடுமையான ஒரு ஜோடி பிழை எண்களில் இருக்கிறது. ஈஅகெய்ன் என்ற பிழைக்கு, இப்போது முடியவில்லை, சற்றுப் பொறுத்துக் கேள் என்று பொருள். ஈடெட்லாக் என்பதற்கு, இந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான், அதனால் மறுக்கிறேன் என்று பொருள். லினக்ஸில் முதலாவது 11, இரண்டாவது 35. ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் முதலாவது 35, இரண்டாவது 11. அச்சாகத் தலைகீழ். 11 என்பது முன்பு ஈஅகெய்னாக இருந்தது என்று ஃப்ரீபிஎஸ்டியின் ஹெடரில் ஒரு குறிப்பும் உண்டு. மேக்கில் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் 35 வந்தால் மறுபடி முயற்சி செய் என்று எண்ணை நேரடியாக எழுதி, அதை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் என்ன ஆகும்? பொறுத்துக் கேட்கச் சொல்லும் பிழை வரும்போது நிரல் கைவிட்டுவிடும். கேட்கவே கூடாது என்ற பிழை வரும்போது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். தெரியாத எண்ணாக இருந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அர்த்தமுள்ள எண்ணாக இருப்பதுதான் கண்ணை மறைக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் கருவியே எழுதட்டும் என்ற முடிவுக்கு இந்த உதாரணங்கள் தள்ளும். அங்கேதான் பைத்தானின் அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். சி ஹெடர்களைப் படித்து அதிலுள்ள மாறிலிகளைப் பைத்தான் கோப்பாக எழுதித் தரும் ஒரு ஸ்கிரிப்ட் பைத்தானோடு நெடுங்காலம் இருந்தது. அதை ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஓட்டி, கிடைத்த கோப்புகளைத் தனித்தனி அடைவுகளில் போட்டு, பைத்தானோடு சேர்த்தே விநியோகித்தார்கள். கையெழுத்து நகல் இல்லை, கருவிதான் எழுதியது, மூலமும் ஒன்றுதான், இயங்குதளத்தின் ஹெடர். ஆனாலும் 2016 கடைசியில் வந்த 3.6 பதிப்பில் அந்தக் கோப்புகளை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். நாள்பட்டுக் காலாவதியானவை, சில தளங்களில் இருக்கின்றன சிலவற்றில் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது அதிகாரபூர்வக் காரணம். ஸ்கிரிப்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கருவி ஒரு தடவை எழுதிக் கொடுத்ததைச் சேமித்துவைத்த கணமே அதுவும் இன்னொரு நகல்தான். அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று எதுவும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கருவி எழுதியது, கை வைக்காதீர்கள் என்று கோப்பின் தலையில் எழுதுவது இன்று பரவலான வழக்கம். கோ மொழியில் அந்த வாசகத்துக்கு இன்ன வடிவம் என்றே வகுத்திருக்கிறார்கள். கை வைக்காமல் இருப்பார்கள், சரி. கருவியையும் யாரும் ஓட்டாமல் இருந்தால்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் ரஸ்ட் மொழியில் இருக்கிறது. சி நூலகத்தின் வகைகளையும் மாறிலிகளையும் ரஸ்டுக்குக் கொண்டுவரும் லிப்சி என்ற தொகுப்பு, ரஸ்ட் உலகில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் கையால் எழுதப்பட்டவை. மூலம் ஒன்று என்ற கொள்கைப்படி பார்த்தால் இது பெரிய பாவம். ஆனால் அதோடு ஒரு சோதனைக் கருவியையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது ரஸ்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சி நிரலைத் தானே எழுதி, அந்தத் தளத்தின் உண்மையான ஹெடரோடு கம்பைல் செய்து, சி சொல்லும் மதிப்பும் ரஸ்ட் சொல்லும் மதிப்பும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. மாறிலியின் மதிப்பு மட்டுமல்ல, கட்டமைப்புகளின் அளவு, உள்ளே ஒவ்வொரு புலமும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பது வரை. யாராவது ஈஅகெய்னுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தால் அந்த மாற்றம் உள்ளே நுழைவதற்கு முன்பே சிவப்பு விளக்கு எரியும். கருவி எழுதிய பைத்தான் கோப்புகள் செத்துப்போயின; கை எழுதிய ரஸ்ட் கோப்புகள் தாக்குப்பிடிக்கின்றன. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான ஜோடி கிடைக்காது.

கருவி எழுதுவது நன்றாக வேலை செய்யும் இடங்களையும் கூர்ந்து பார்த்தால், அங்கே காவல் உள்ளேயே ஒளிந்திருப்பது தெரியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்தெழுத்துக் குறி உண்டு. ஒரே மதிப்பு இரண்டு தடவை வந்துவிட்டது என்றால் 23505. இந்தக் குறிகள் உள்ளிருக்கும் சி நிரலுக்கும் வேண்டும், பயனர் தரவுத்தளத்துக்குள் எழுதும் நடைமுறை மொழிக்கும் வேண்டும், கையேட்டின் பின்னிணைப்புக்கும் வேண்டும். முன்பு மூன்றிடத்திலும் கையால் எழுதினார்கள். 2011-ல் அதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக்கி, அதிலிருந்து சி ஹெடர், நடைமுறை மொழியின் பெயர்ப் பட்டியல், கையேட்டின் அட்டவணை, பைத்தானில் எழுதுகிறவர்களுக்கான பிழை வகைகள் எல்லாம் ஒவ்வொரு பில்டிலும் புதிதாக உண்டாகும்படி செய்தார்கள். லினக்ஸ் கெர்னலில் இன்னும் சாமர்த்தியமான ஒரு ஏற்பாடு இருக்கிறது. அசெம்பிளியில் எழுதிய பகுதிக்கு, சி-யில் அறிவித்த கட்டமைப்பின் இன்ன புலம் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த எண் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது; சி கம்பைலரின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஓடுவதற்கென்று இல்லாத ஒரு சி கோப்பை எழுதி, அதை அசெம்பிளி வடிவம் வரை மட்டும் கம்பைல் செய்து, அந்த வெளியீட்டில் அடையாளமிட்ட வரிகளை மட்டும் உருவி, ஹெடராக்கிக்கொள்கிறார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெர்னலைப் பில்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. இதைத் தாண்டிக்கொண்டு யாரும் கெர்னலைக் கட்ட முடியாது. போஸ்ட்கிரெஸிலும் கெர்னலிலும் மூலம் ஒன்று என்பது உண்மைதான், ஆனால் பைத்தானுக்கும் அது உண்மையாக இருந்தது. இவை பிழைத்ததற்குக் காரணம், பழைய நகலோடு காலம் தள்ள வழியே இல்லாமல் போனது.

ஆவணம் இருந்தால் போதாதா, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய நிறுவனங்களில் இந்தக் குரல் பலமாகக் கேட்கும். அதற்குப் பதில், எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன செவ்வாய்க் கலத்தின் கதையில், வழக்கமாக யாரும் சொல்லாத பகுதியில் இருக்கிறது. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. கலத்தின் உந்துகருவிகள் தந்த உந்தத்தைக் கணக்கிட்டுக் கோப்பாக்கிய தரைநிலை நிரல் பவுண்டு-விசை விநாடியில் எழுதியது. அந்தக் கோப்பைப் படித்து வழி கணித்த நிரல் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. திட்டமிட்ட 226 கிலோமீட்டருக்குப் பதிலாகச் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் அது வளிமண்டலத்துக்குள் போனது. அலகைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்பதுபோல இதைச் சொல்வார்கள். உண்மையில் இரு நிரல்களுக்கும் இடையே போகும் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்துபூர்வமான வரையறை இருந்தது. மெட்ரிக் அலகில்தான் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. தாளில் இருந்ததைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அலகில்லாத வெறும் எண்ணைப் பார்த்து எந்த நிரலும் தயங்காது.

சின்ன ஊர், சின்னக் கடை, பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனம். இங்கே எண்களை எழுதித் தரும் கருவி, அதற்கொரு பில்ட் படி, அதைப் பராமரிக்க ஒருவர் என்று எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்தக் கருவி பழுதானால் அன்றைக்கு யாரும் வேலை பார்க்க முடியாது என்பதும் நிஜம். நான் சொல்வது அதைவிட மலிவானது. நகல் இருந்துவிட்டுப் போகட்டும்; பக்கத்தில் ஒரு டெஸ்ட் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து, பெயர்-எண் ஜோடிகளை உருவி, பைத்தானில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு பெயர் கூடினாலோ குறைந்தாலோ மாறினாலோ எது என்று சொல்லிவிட்டுத் தோற்கும் டெஸ்ட். இருபது வரிக்கு மேல் வராது. அதைப் பார்த்து மேதைகள் முகம் சுளிப்பார்கள், கோப்பின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் உடையும் என்பார்கள். உடையட்டும், உடைந்தால் யாராவது வந்து பார்ப்பார்கள் என்பதற்காகத்தானே வைத்தது. ஒன்றே ஒன்று: எதையும் உருவ முடியாமல் வெறும் பட்டியலோடு வெறும் பட்டியலை ஒப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூகிளின் நிரல்களில் இதையும்விட எளிய ஒரு வழக்கம் உண்டு. டென்சர்ஃப்ளோவின் வெளிப்படையான கோப்புகளிலேயே அதைப் பார்க்கலாம். இங்கிருந்து இதுவரை மாறினால் இன்ன கோப்பும் மாற வேண்டும் என்று கமென்ட்டில் குறியிட்டு எழுதுவார்கள். ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினால் கருவி பிடித்துக் கேட்கும். நான் முதலில் சொன்ன அதே குறிப்பு வரிதான். படிக்கிற வேலை மட்டும் மனிதரிடமிருந்து இயந்திரத்துக்குப் போயிருக்கிறது.

எதிர்த் தரப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்சேபம் வேறு. எத்தனையோ எண்கள் நூறு மொழிகளில் கையால் நகலெடுக்கப்பட்டு, எந்தக் காவலும் இல்லாமல் நன்றாகவே இருக்கின்றனவே என்பது. போஸ்ட்கிரெஸில் நான்கு பைட் முழு எண் வகையின் அடையாள எண் 23, டெக்ஸ்ட்டின் எண் 25. ஜாவா, பைத்தான், கோ என்று ஒவ்வொரு மொழியின் இணைப்பு நூலகத்திலும் யாரோ ஒருவர் இதைத் தட்டச்சு செய்திருக்கிறார்; இதுவரை குடி முழுகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அங்கே எண்ணின் உரிமையாளர், இதை ஒருபோதும் மாற்ற மாட்டேன் என்று நடைமுறையில் காட்டியிருக்கிறார். மாறாத ஒன்றை ஒத்திசைக்க வேண்டிய வேலையே இல்லை. இணையத்தின் எண்களுக்கு ஜான் போஸ்டல் செய்ததும் இதைத்தான். 1994-ன் ஆர்எஃப்சி 1700 வரை வந்த பட்டியல்களில் ஒதுக்கிய எண் ஒதுக்கியதுதான். ஆனால் நம் ஆர்டர் நிலைகள் அந்த வகை அல்ல. வியாபாரம் வளரும்போது திருப்பியனுப்பியது என்று ஒன்று முளைக்கும், பாதி மட்டும் அனுப்பியது என்று இன்னொன்று. உறையவைக்க முடிந்ததை உறையவைத்துவிடுங்கள், அது எந்தக் கருவியையும்விட மேல். உறையாததற்குக் காவல் வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மொழியில் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் அடிக்கடி கேட்பது. தீராது. ஜாவாவில் மதிப்பு முன்கூட்டியே தெரிந்த மாறிலியை இன்னொரு வகுப்பு பயன்படுத்தினால், கம்பைலர் அந்த மதிப்பை அங்கேயே பதித்துவிடும். மூலத்தை மாற்றிவிட்டு அந்த வகுப்பை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டால் பழைய எண்ணே ஓடும். மொழியின் வரையறையே இதைச் சொல்கிறது. ஒரே மொழி, ஒரே கோப்பு, இரண்டு மதிப்பு. கருவி, டெஸ்ட் எல்லாம் வைத்தும் மிச்சமிருக்கும் இடைவெளி இதுதான்: காலம். சர்வரை இன்று மதியம் மாற்றலாம். வாடிக்கையாளரின் போனில் இருப்பது போன தீபாவளிக்கு நிறுவிய ஆப். நேற்றுத் திறந்த பிரவுசர் பக்கம் இன்னும் மூடாமல் இருக்கும். களஞ்சியத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போவது தேவைதான். வெளியே ஓடிக்கொண்டிருப்பவை ஒத்துப்போகும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆகவே நிலைகளின் நடுவே புதிதாக ஒன்றைச் செருகுவது, வேண்டாத எண்ணை வேறு காரியத்துக்குத் திருப்பிக் கொடுப்பது, இரண்டும் ஆகாது. ஜாவாவின் எனம் வகையைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் ஜேபிஏ, நாம் வேறு சொல்லாவிட்டால் பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணைத்தான் எழுதும். அகர வரிசை அழகுக்காக ஒரு பெயரை நடுவில் சேர்த்தவர், அதற்குப் பின்னால் வரும் நிலைகளில் இருந்த பழைய ஆர்டர்கள் அத்தனையையும் ஒரு படி நகர்த்திவிடுகிறார். கூகிளின் புரோட்டோகால் பஃபர் மொழியில் நீக்கிய எண்ணை ஒதுக்கிவைத்தது என்று அறிவிக்க முடிவது இதற்காகத்தான். மறந்துபோய் யாராவது அதை எடுத்தால் கம்பைலர் மறுக்கும். எண்களை ஓடும்போதே சர்வரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். எண் 6 வந்து சேரும், அதை என்ன செய்வது என்று அறிந்த கோட் அந்தப் பழைய ஆப்பில் இருக்காது. அந்த நேரத்தில் நிரலின் கடைசி "மற்றவை" கிளை என்ன செய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நிலையாகப் பாவித்துச் சத்தமில்லாமல் போய்விடும். எண்கள் பிரிந்ததைவிட அந்த மௌனம்தான் அதிக நஷ்டம் செய்கிறது.

இதை வைத்து எல்லா எண்ணையும் பொதுக் கோப்பில் கொண்டுபோய்க் கொட்டிவிடவும் கூடாது. சர்வர் ஒரு வேலைக்கு 30 விநாடி காத்திருப்பதும், திரை 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் தற்செயல். அவற்றை ஒரே பெயரில் கட்டினால் ஒருநாள் ஒன்றை மாற்றப்போய் இன்னொன்று கெடும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் தலைவலியானது. மதிப்பு ஒத்துப்போயும் பொருள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். கோப்பு அனுமதிக்கு 0755 என்று சி-யில் எழுதினால் அது எட்டடிமான எண், பதின்மத்தில் 493. பைத்தான் 3 அப்படி எழுதவே விடாது. யாம்ல் கோப்பின் 1.1 வரையறைப்படி அது 493, 1.2 வரையறைப்படி 755. பதின்ம 755 எட்டடிமானத்தில் 1363 ஆகும், அந்த அனுமதியோடு உருவான அடைவை அதன் சொந்தக்காரரே பட்டியலிட முடியாது. தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பெயருக்கு உச்சவரம்பு 20 என்று எல்லாப் பக்கமும் ஒரே எண் இருக்கிறது, டெஸ்டும் பச்சை. எதில் 20? "தமிழ்" என்ற சொல்லுக்கு பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் நீளம் 5 என்கின்றன. கோ மொழியிலும் ரஸ்டிலும் நேரடியாக நீளம் கேட்டால் யுடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். ஸ்விஃப்ட் நம்மைப் போலவே எண்ணி 3 என்கிறது. தரவுத்தளத்தில், மைஎஸ்க்யூஎல்லின் வார்கேர் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது. ஆரக்கிளில் வேறு சொல்லாவிட்டால் பைட்டுகள். ஐபோன் திரை தாராளமாக ஏற்றுக்கொண்ட பெயரைச் சர்வர் திருப்பியடிக்கும், அல்லது சர்வர் ஏற்றதைத் தரவுத்தளம் தள்ளிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாக் கணக்கும் ஒன்றாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. விதிகளைப் பொதுவாக்கி ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே இரு பக்கமும் கொடுத்தாலும் இதே கதி. இலக்கம் என்று குறிக்கும் அதே குறி, ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டும். பைத்தான் 3-ல் அது ௧௨௩ என்பதையும் இலக்கமாகவே ஏற்கும். எண்ணாக மாற்றச் சொன்னால் 123 என்று மாற்றியும் கொடுக்கும்.

இந்த இடத்தில் எண்களை ஒப்பிடும் டெஸ்ட் உதவாது. பொதுக் கோப்பில் மாறிலியோடு சேர்த்துச் சில மாதிரிகளையும், ஒவ்வொன்றுக்கும் ஏற்க வேண்டுமா தள்ள வேண்டுமா என்ற விடையையும் எழுதிவைத்து, ஒவ்வொரு மொழியின் டெஸ்டும் அந்தக் கோப்பையே படித்து ஓட வேண்டும். மாதிரிகளை வம்புக்கென்றே தேர்ந்தெடுக்க வேண்டும்: எல்லையில் சரியாக நிற்கும் ஒரு தமிழ்ப் பெயர், எல்லையை ஓர் எழுத்தில் தாண்டும் இன்னொன்று, தமிழ் எண்களில் ஒரு பின்கோடு, "கோ" என்ற எழுத்தை ஒற்றைத் துணைக்குறியாகவும் ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதிய இரண்டு வடிவம். கண்ணுக்கு அந்த இரண்டும் ஒன்று. குறியீட்டுப் புள்ளிகளில் ஒன்று 2, மற்றது 3. யூனிகோடு அமைப்பே எழுத்துகளை ஒருமைப்படுத்துவதற்கும் எழுத்தெல்லை பிரிப்பதற்கும் தன் விதிகளோடு இப்படிப்பட்ட சோதனைக் கோப்புகளை வெளியிடுகிறது. எந்த மொழியில் நூலகம் எழுதுகிறவராக இருந்தாலும் அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்து, வராத வரிக்குத் தன் நிரலில்தான் காரணம் தேடுகிறார்.